பற்று வரவு

வட்டி என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர்.
பணம் கொடுத்து வாங்கியது வேறு குட்டி.
அதே கூடையில் இது இலவசமாக வந்தது.
அசல் ஆனி மாதத்திலேயே செத்துப்போனது.
வட்டி நின்றது.

புதுவயல் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
மூட்டை தூக்குகிறவர்கள் தினமும் கேட்பார்கள்:
"ஆச்சி, வட்டி ஒழுங்கா வருதா?"

பழக்குவதற்கு சவரிமுத்து வந்தார்,
சிவகங்கை மோப்பநாய்ப் பிரிவில் ஓய்வு பெற்றவர்.
செவ்வாயும் வெள்ளியும்.
வளவில், ஆத்தங்குடிக் கல்லின் பச்சைப் பூவில் நிறுத்தி
உட்கார் என்றால் உட்கார்ந்தது.
இரு என்றால் இருந்தது,
மூக்குக்கு முன்னால் கருவாட்டுத் துண்டு கிடக்க,
எச்சில் நூலாய் இறங்க,
முற்றத்துக்குள் காக்கை இறங்கி
அதைத் தூக்கிப் போகும் வரைக்கும் இருந்தது.
நான்காம் மாதம் சவரிமுத்து கை குலுக்கி விடைபெற்றார்.
என்னிடம் அல்ல, அதனிடம்.

மலேசியாவிலிருந்து நாத்தனார் மெய்யம்மை வந்த அன்று
ஊருணிக்கரைக்குக் கூட்டிப்போய்
உட்கார் என்றேன்.
நின்றது.
மெய்யம்மை கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.
ஆறு தடவை சொன்னேன், ஏழாவது தடவை கத்தினேன்.
தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன்
சட்டென்று உட்கார்ந்தான்.

அன்று ராத்திரி பச்சைப் பூவில் நிறுத்தி
மெல்லத்தான் சொன்னேன்.
சொல் முடியுமுன் உட்கார்ந்தது.

அப்போது உறைத்தது.
அதற்கு உட்கார் என்பது
வெறும் சொல் இல்லை.
குளிர்ந்த தரை, பச்சைப் பூ,
என் வலது கையின் வளையல் சத்தம்,
அடுப்படியிலிருந்து வரும் தாளிப்பு வாசம்,
இத்தனையும் கூடிய ஓர் இடம்.
நடுப்பகலில் கொதிக்கும் செம்புறாங்கல் தரையில்
அந்த இடம் எங்கே என்றுதான்
என் முகத்தைப் பார்த்திருக்கிறது.
நான் அதைத் திமிர் என்றேன்.

சரி, மறுபடி தொடங்கினேன்.
ஆலை வாசலில், உமி மேட்டில்,
பேருந்து நிற்கும் புளியமரத்தடியில்,
கறிக்கடைக்கு எதிரே (அங்கு இருபது நாள் ஆயிற்று).
உட்கார் மெல்ல மெல்ல ஊரெல்லாம் பரவியது.

வா மட்டும் கெட்டுப்போனது.

பேரேடு எழுதும் கை இது,
இந்தக் கணக்கை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.
வா என்றேன், உண்ணி மருந்தில் குளியல்.
வா என்றேன், காரைக்குடியில் ஊசி.
வா என்றேன், ஆட்டுக்குட்டியோடு ஆடிய ஆட்டம் முடிந்து
கழுத்தில் சங்கிலி.
வா என்றேன், வா வா என்று தொண்டை வற்றக் கூப்பிட்டு
கடைசியில் அது வந்தபோது
அடித்தேன்,
இவ்வளவு நேரம் வராததற்காக.
பற்றுப் பத்தி நிரம்பி வழிகிறது.
வரவில் ஒரு கருவாட்டுத் துண்டு கூட இல்லை.
பழக்கிய நாய்தான்.
பழக்கியதால்தான் எதையும் மறப்பதில்லை.

நேற்று கொழுந்தனார் போனில் கூப்பிட்டார்.
வீட்டுக்குப் பதினேழு புள்ளி,
பதினேழு பேருக்கும் சாவி வேண்டுமாம்,
இல்லையென்றால் விற்றுவிடலாமாம்.
அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டே
ஊருணிக்கரையில் வா என்றேன்.

பாதி தூரம் வந்தது.
பத்தடியில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.
கொட்டாவி விட்டது.
காய்ந்த கருவேலங்காய் ஒன்றை
எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி
வெகுநேரம் முகர்ந்தது.

வைரவன்பட்டியில் சாமியோடு நிற்கும் கல் நாய்
இதுவரை ஒரு சொல்லும் மீறியதில்லை.
குடம் குடமாய் ஊற்றினாலும் நகர்வதில்லை.
இது கல் இல்லை.
என் தோள் விறைத்திருப்பதை
என்னைக் கேட்காமலே தெரிந்துகொண்டுவிட்டது.

இன்னொரு தடவை கூப்பிட வாய் வந்தது,
மூடிக்கொண்டேன்.
கரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தேன்.
அது அருகில் வரவில்லை,
ஆட்டுப் புழுக்கையைத் தேடிப் போனது.

இருட்டியதும் எழுந்து நடந்தேன்.
இன்றைக்குப் பற்றும் இல்லை வரவும் இல்லை.
எனக்குப் பின்னால் பத்தடியில்
தார்ச்சாலையில் நகம் உரசும் சத்தம்.